தரைக் கோலத்தின் மேல் நடக்கும் மனிதன்: லூபிட்சின் 'சிப்பி இளவரசி'யில் காட்சி நடை

கேள்வி இதுதான். ஜெர்மன் இயக்குநர் எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1919-இல் எடுத்த 'டி ஆஸ்டர்ன்பிரின்செஸின்', அதாவது 'சிப்பி இளவரசி' என்ற மௌனப்படத்தைப் பார்த்த ஒருவர் கேட்கிறார்: "படம் நன்றாகச் சிரிக்க வைத்தது. ஆனால் இதில் இயக்குநரின் காட்சி நடை என்று எதைச் சொல்கிறார்கள்? ஆரம்பகால ஜெர்மன் சினிமா என்றால் நிழல், கோணல் சுவர், பயம் இதெல்லாம்தானே? இந்தப் படத்தில் எல்லாமே பளிச்சென்று வெளிச்சமாக இருக்கிறது. கேமராவும் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அப்புறம் எங்கே இருக்கிறது அந்த நடை?"

ஒரே ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். அதைப் பிடித்துக்கொண்டால் மீதிப் படம் முழுவதும் பிடிபட்டுவிடும்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் 'சிப்பி ராஜா' மிஸ்டர் குவேக்கருக்கு ஒரே மகள், ஓஸ்ஸி. ஷூ பாலிஷ் ராஜாவின் மகளுக்கு ஒரு பிரபு மாப்பிள்ளை கிடைத்துவிட்டான் என்று தெரிந்ததும் ஓஸ்ஸி வீட்டில் இருக்கும் சாமான்களை எல்லாம் போட்டு உடைக்கிறாள். "உனக்கு ஒரு இளவரசனையே வாங்கித் தருகிறேன்" என்கிறார் அப்பா. கல்யாணத் தரகர் ஒருவர், காசில்லாமல் ஒண்டுக் குடித்தனம் நடத்தும் இளவரசன் நுக்கியைக் கண்டுபிடிக்கிறார். நுக்கி தானே பெண் பார்க்கப் போகாமல் தன் ஆள் யோசெஃபை அனுப்பி வைக்கிறான். யோசெஃப் நீட்டுவது இளவரசனின் விசிட்டிங் கார்டு. மாளிகையில் அவனையே இளவரசன் என்று நினைத்துவிடுகிறார்கள். கல்யாணமும் அவனோடே நடந்து முடிகிறது. அமெரிக்க ராஜாவின் மாளிகையும் ஐரோப்பிய இளவரசனின் குச்சு அறையும் ஒரே ஊரில் எப்படி இருக்கின்றன என்று கேட்காதீர்கள். படத்துக்கு அந்தக் கவலை கிடையாது. லூபிட்ச் அமெரிக்காவைக் கண்ணால் பார்க்கும் முன்பே பெர்லினில் உட்கார்ந்து கட்டிய அமெரிக்கா இது.

இப்போது அந்தக் காட்சி. யோசெஃப் கார்டைக் கொடுத்துவிட்டான், உள்ளே எடுத்துப் போயிருக்கிறார்கள். அவன் முன்கூடத்தில் காத்திருக்க வேண்டும். கூடம் பிரம்மாண்டமானது, உட்காரச் சொல்ல ஆள் இல்லை. தரை முழுக்கப் பின்னிப் பிணைந்த மர அலங்கார வேலைப்பாடு. முதலில் கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறான். அப்புறம் குனிந்து தரையைப் பார்க்கிறான். ஒரு கோட்டின் மேல் கால் வைக்கிறான். கோடு போகிற வழியில் அவனும் போகிறான், கோடு திரும்பும் இடத்தில் திரும்புகிறான், வளையும் இடத்தில் வளைகிறான். அந்த நடை மெல்ல மெல்ல ஒரு ஆட்டம் போல ஆகிவிடுகிறது. சிக்குக் கோலத்தின் ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு அது எங்கே போய் முடிகிறது என்று கால்விரலால் தேடும் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அதேதான். ஆனால் இங்கே நடப்பது வளர்ந்த ஆள். இரவல் கோட்டு, வழுக்கைத் தலை, ஒல்லி உடம்பு.

தரை முழுவதும் தெரியும்படி கேமரா தள்ளி நிற்கிறது. அதுதான் முக்கியம். யோசெஃபாக நடித்த யூலியஸ் ஃபால்கென்ஸ்டைனின் முகத்துக்குப் பக்கத்தில் போயிருந்தால் 'பாவம், அலுத்துப் போயிருக்கிறான்' என்று மட்டும்தான் நமக்குத் தோன்றியிருக்கும். தள்ளி நிற்பதால் வேறொன்று தெரிகிறது: இந்த வீட்டில் தரைக்கு இருக்கும் மரியாதை இவனுக்கு இல்லை. அவனுக்கு அந்த வீடு தந்த ஒரே வேலை, அதன் அலங்காரத்தின் மேல் நடப்பதுதான். பணக்காரன் வீட்டில் ஏழை காத்திருப்பது என்றால் என்ன என்பதை ஒரு வசன அட்டைகூட இல்லாமல், அழுகை இல்லாமல், ஒரு ஜோடிக் காலை வைத்தே சொல்லிவிடுகிறார்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. லூபிட்ச் 1947-இல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், ஹெர்மன் வைன்பெர்க் என்ற விமர்சகருக்கு எழுதிய கடிதத்தில் தன் படங்களைத் திரும்பிப் பார்க்கிறார். தனக்கென்று ஒரு நடை தெரிய ஆரம்பித்த முதல் நகைச்சுவைப் படம் இதுதான் என்று அதில் சொல்கிறார். அதற்கு உதாரணமாக அவர் எடுத்துச் சொல்வது இந்தத் தரைக் காட்சியைத்தான். பொறுமையின்மையையும் அவமானத்தையும் விழுங்கிக்கொள்ள அந்த ஏழை தரையின் கோடுகளில் நடக்கிறான்; வெறும் நகைச்சுவையிலிருந்து நையாண்டிக்கு நான் திரும்பியது அங்கேதான் என்கிறார். ஹாலிவுட்டில் அத்தனை படங்கள் எடுத்த ஒருவர், இருபத்தெட்டு வருடம் கழித்து, ஒரு ஆள் தரையில் நடந்ததை நினைவு வைத்திருக்கிறார். நான் முதல் தடவை பார்த்தபோது இந்தக் காட்சியைச் சிரித்துவிட்டுக் கடந்து போனேன். இந்தக் கடிதம் பற்றிப் படித்த பிறகுதான் திரும்பப் போய் நிதானமாகப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு இந்தப் படமே வேறு படம்.

சரி, இந்தத் தரைக் காட்சியில் இருப்பது என்ன? ஒழுங்காகப் போட்ட ஒரு வடிவம், அதற்குள் மாட்டிக்கொண்ட ஒரு மனிதன். இந்த இரண்டையும் வைத்துத்தான் படத்தின் ஒவ்வொரு பெரிய காட்சியும் கட்டப்பட்டிருக்கிறது. மற்ற இடங்களில் அந்த வடிவம் மரத்தால் ஆனது இல்லை, ஆட்களால் ஆனது. அவ்வளவுதான் வித்தியாசம்.

படத்தின் தொடக்கத்துக்கே போங்கள். குவேக்கராக வரும் விக்டர் யான்சனின் பருத்த உடம்பு, வாயில் ஒரு பெரிய சுருட்டு. அந்தச் சுருட்டை அவர் கையால் பிடிப்பதில்லை, பிடிக்க ஒரு ஆள். காபிக் கோப்பை நீட்ட ஒரு ஆள், வாய் துடைக்க ஒரு ஆள், தலை வார ஒரு ஆள். எதிரே அறை முழுக்க வரிசை வரிசையாகச் சுருக்கெழுத்துப் பெண்கள், அவர் சொல்வதை எல்லாம் ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள். ஒரு கடிதத்தை எடுக்க ஒரு பெண் போதும். இங்கே ஒரு பட்டாளமே உட்கார்ந்திருக்கிறது. எண்ணிக்கையைப் பெருக்கிப் பெருக்கியே சிரிப்பை உண்டாக்குவது லூபிட்ச் இந்தப் படம் நெடுகக் கையாளும் உத்தி. ஒரு வேலையாள் கதவைத் திறந்தால் அது செய்தி. இருபது பேர் ஒரே மாதிரி உடுப்பில், ஒரே மாதிரி நடையில் கதவைத் திறக்க வந்தால் அது ஒரு கருத்து.

ஓஸ்ஸியின் குளியல் காட்சியும் இப்படித்தான். கீழே யோசெஃப் தரையில் கோடு மிதித்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், மேலே பணிப்பெண்கள் அணிவகுத்து அவளைக் குளிப்பாட்டுகிறார்கள், துடைக்கிறார்கள், உடம்பு பிடித்துவிடுகிறார்கள். இரண்டையும் மாற்றி மாற்றி வெட்டிக் காட்டுகிறார். அங்கே ஒருத்திக்கு ஒரு கூட்டமே வேலை செய்கிறது, இங்கே ஒருத்தனை ஏனென்று கேட்க ஒருவரும் இல்லை. இரண்டு ஷாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததே விமர்சனம்.

கல்யாண விருந்தில் இந்த உத்தி உச்சத்துக்குப் போகிறது. நீள நீளமான மேஜைகள், விருந்தாளிகளுக்குப் பின்னால் சுவர் வைத்தது போலப் பரிமாறும் ஆட்கள், சமையலறையில் இன்னொரு கூட்டம். பரிமாறுகிறவர்கள் ஒரே சீராக முன்னே வருகிறார்கள், ஒரே சீராகக் குனிகிறார்கள், ஒரே சீராகப் பின்வாங்குகிறார்கள். சாப்பாடு பரிமாறுவது ராணுவ அணிவகுப்பு போல ஆகிவிடுகிறது. நடுவில் யோசெஃப் மட்டும் தனக்கு முன்னால் வைத்ததை எல்லாம் ஒரு மனிதன் மாதிரி ரசித்துச் சாப்பிடுகிறான், குடிக்கிறான். அந்த மேஜையில் பசியோடு வந்தவன் அவன் ஒருவன்தான்.

இங்கே ஒரு நிமிடம் நின்று, இந்தப் படம் எப்போது திரைக்கு வந்தது என்று பாருங்கள். 1919 ஜூன் 20, பெர்லின். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி வெர்சாய் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது அதற்கு எட்டு நாள் கழித்து, ஜூன் 28-ஆம் தேதி. நேச நாடுகளின் கடல் முற்றுகை விலக்கப்பட்டது ஜூலையில்தான். அதாவது ஊரில் இன்னும் சாப்பாட்டுத் தட்டுப்பாடு. டர்னிப் கிழங்கைத் தின்று ஒரு குளிர்காலத்தைத் தள்ளிய ஜனம் அது. ஜனவரியில் பெர்லின் தெருக்களில் துப்பாக்கிச் சண்டை நடந்திருக்கிறது. அந்த ஜனம் தியேட்டரில் உட்கார்ந்து, ஒரு அமெரிக்கனின் வீட்டில் தட்டுக்குப் பின் தட்டாக வருவதைப் பார்க்கிறது. அவர்கள் எந்த மனநிலையில் சிரித்திருப்பார்கள் என்று யோசித்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பார்வையாளர்கள் அத்தனை பேரும் அந்த மேஜையில் யோசெஃபின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்திருப்பார்கள்.

இப்போது நிழல் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஆரம்பகால ஜெர்மன் சினிமா என்றதும் நமக்கு நினைவு வரும் 'டாக்டர் காலிகாரியின் பெட்டகம்' திரைக்கு வந்தது 1920 பிப்ரவரி 26. சிப்பி இளவரசி அதற்கு எட்டு மாதம் முந்தியது. அதனால் அந்த அளவுகோலை இதன் மேல் வைப்பது பொருந்தாது. ஆனால் இரண்டும் ஒரு விஷயத்தில் உறவுதான்: செட் சும்மா பின்னணியாக நிற்காமல் கதையைப் பேச வேண்டும் என்பதில். காலிகாரியில் கோணல் சுவர் ஒரு மனம் சிதைந்ததைச் சொல்கிறது. இங்கே குர்ட் ரிக்டர் போட்ட அரங்கமைப்பில் எல்லாமே நேர், எல்லாமே சமம். இடது பக்கம் என்ன உண்டோ வலது பக்கமும் அதுவே உண்டு. அந்தச் சீர்மையே ஒரு மிகையாகி, அதுவே சிரிப்பாகிறது. படத்தின் துணைத்தலைப்பிலேயே 'குரோடெஸ்க்' என்ற சொல் இருக்கிறது. விபரீத நகைச்சுவை என்று சொல்லலாம். யதார்த்தமாக ஒரு பணக்கார வீட்டைக் காட்டும் நோக்கமே இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஒளிப்பதிவு தியோடர் ஷ்பார்கூல். ஃப்ரேமின் மூலை முடுக்கு வரை வெளிச்சம் சமமாகப் பரவியிருக்கும். இதைச் சிலர் 'சாதாரண வெளிச்சம்' என்று தள்ளிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அது சரியில்லை. கூட்டத்தை வைத்து வடிவம் போடும்போது கடைசி வரிசையில் நிற்கிறவரும் முதல் வரிசையில் நிற்கிறவர் அளவுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். நிழல் விழுந்தால் வரிசை உடையும், வரிசை உடைந்தால் சிரிப்பும் உடையும். ஆக, அந்தத் தட்டையான வெளிச்சம் வேண்டுமென்றே வைத்ததுதான். அதே ஷ்பார்கூல் பிற்பாடு பிரான்சில் ழான் ரென்வாரின் 'லா ஷியென்'னுக்கும், 1942-இல் ஹாலிவுட்டில் 'தி கிளாஸ் கீ' என்ற குற்றப் படத்துக்கும் ஒளிப்பதிவு செய்தார். இருட்டை எங்கே வைப்பது என்பதில் கைதேர்ந்தவராக அவர் இருந்ததை அவற்றில் பார்க்கலாம். இங்கே அவர் இருட்டை வைக்கவில்லை என்றால், தேவைப்படவில்லை என்று அர்த்தம்.

கேமரா அசையவில்லை என்பதற்கும் இதே பதில்தான். ஃப்ரேம் அசையாமல் நின்றால்தான் அதற்குள் நடப்பவை ஒரு படிவமாகக் கண்ணில் பதியும். கூட்டத்தை ஒரே உடம்பு போல இயக்கும் இந்தக் கலையை லூபிட்ச் எங்கே பார்த்திருப்பார் என்று தேட வெகுதூரம் போக வேண்டாம். 1911-இல் அவர் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் நாடகக் குழுவில் சேர்ந்து சின்னச் சின்ன வேடங்களில் நடித்தவர். ரைன்ஹார்ட் மேடைக் கூட்டத்தை ஆள்வதில் பெயர் பெற்றவர், சர்க்கஸ் அரங்கில் கிரேக்க நாடகம் போட்டவர். ரைன்ஹார்ட்டின் கூட்டம் பிரமிப்பை உண்டாக்கும். லூபிட்ச் அந்தப் பிரமிப்பை எடுத்து ஒரு சுருட்டைப் பிடிக்கவும் ஒரு வாயைத் துடைக்கவும் பயன்படுத்துகிறார்.

சீர்மை மட்டும் இருந்தால் படம் பதினைந்து நிமிடத்தில் அலுத்துவிடும். அதைக் கலைக்க ஒருவர் வேண்டும். அதுதான் ஓஸ்ஸி ஓஸ்வால்டா. படத்தில் பாத்திரத்துக்கும் அவர் பெயரே. அறிமுகக் காட்சியில் அறை முழுக்க உடைந்த சாமான்கள், அவள் செய்தித்தாள்களை வீசிக்கொண்டிருக்கிறாள். அப்பா கேட்கிறார், எதற்காகப் பேப்பரை வீசுகிறாய் என்று. பூச்சாடி எல்லாம் உடைந்து தீர்ந்துவிட்டது, அதனால்தான் என்கிறாள். இளவரசனை வாங்கித் தருவதாகச் சொன்னதும், சந்தோஷத்தில் வீட்டையே அடித்து நொறுக்கலாம் போல இருக்கிறது என்கிறாள். கோபம் வந்தாலும் உடைப்பாள், சந்தோஷம் வந்தாலும் உடைப்பாள். ஒழுங்கு வைத்து அடுக்கப்பட்ட அந்த வீட்டில் உடைப்பது ஒன்றுதான் அவளால் செய்ய முடிந்த சொந்தக் காரியம்.

அவள் காத்திருக்க மாட்டாள் என்பதையும் கவனியுங்கள். யோசெஃப் தரையில் கோடு கோடாக நடந்து நேரத்தைப் போக்கியவன். அவள் வந்ததும் நேராக அவனை இழுத்துக்கொண்டு பாதிரியார் வீட்டுக்குப் போகிறாள், பாதிரியார் ஜன்னல் வழியாகவே கல்யாணத்தை முடித்து வைக்கிறார். கதவைத் திறந்து, உள்ளே போய், நின்று, மண்டியிட்டு என்று எதுவும் இல்லை. கல்யாணம் என்ற சடங்கு ஒரு ஜன்னல் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. விருந்துக்கு அத்தனை பெரிய அரங்கம், கல்யாணத்துக்கு ஒரு ஜன்னல். எதற்கு எவ்வளவு இடம் என்பதை வைத்தே ஒரு வீட்டின் மதிப்பீடுகளைச் சொல்லிவிடுகிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபாக்ஸ்ட்ராட் என்ற ஜோடி நடனக் காட்சி. விருந்தின் நடுவில் ஒரு அட்டை வருகிறது: ஃபாக்ஸ்ட்ராட் கொள்ளைநோய் பரவிவிட்டது என்று. நோய் மாதிரிதான் பரவுகிறது. விருந்தாளிகள் ஆடுகிறார்கள், பரிமாறுகிறவர்கள் ஆடுகிறார்கள், சமையலறையில் இருப்பவர்களும் ஆடுகிறார்கள். இவ்வளவு நேரம் அணிவகுத்து நின்ற அத்தனை பேரின் உடம்பும் ஒரே தாளத்துக்கு அவிழ்கிறது. முதலாளி ஆடும் அதே அடியைத்தான் சமையல்காரரும் ஆடுகிறார். வேலை செய்ய வைத்திருந்த அதே வரிசைகள் இப்போது கொண்டாட்டமாக மாறுகின்றன. ஆனால் தாளத்திலிருந்து யாருக்கும் விடுதலை இல்லை, அதையும் பார்க்க வேண்டும். போர்க்காலம் முழுக்க ஜெர்மனியில் பொது இடங்களில் நடனத்துக்குத் தடை இருந்தது. 1918-ஆம் வருடக் கடைசி நாளில்தான் தடை நீங்கியது, பெர்லின் பைத்தியம் பிடித்தது போல ஆடித் தீர்த்தது. ஆகவே கொள்ளைநோய் என்ற அந்தச் சொல் அன்றைய பார்வையாளருக்குத் தங்கள் ஊர்க் கதை.

இது மௌனப்படம் என்பதை மறந்துவிடாதீர்கள். சத்தமே இல்லாமல் ஒரு வாத்தியக் குழுவை எப்படிக் காட்டுவது? லூபிட்ச் சத்தத்தைக் கண்ணுக்குத் தெரியும் பொருளாக்குகிறார். குழுவில் ஒருவர் மரத்தை ரம்பத்தால் அறுக்கிறார், துப்பாக்கி வெடிக்கிறது, ஒருவர் கன்னத்தில் தாளத்துக்கு அறை விழுகிறது. பார்க்கும்போதே காதில் கேட்கிறது. அந்தக் குழுவை நடத்தும் இளைஞன் கையால் நடத்துவதைவிட இடுப்பால்தான் அதிகம் நடத்துகிறான். அவன் குர்ட் போய்ஸ், அப்போது வயது பதினெட்டு. ஹிட்லர் காலத்தில் நாட்டை விட்டு ஓடி, 1942-இல் 'காஸாபிளாங்கா'வில் ஜேப்படிக்காரனாக ஒரு சின்ன வேடம் செய்தவர். 1987-இல் விம் வெண்டர்ஸின் படத்தில், பெர்லினில் பாட்ஸ்டாமர் சதுக்கத்தைத் தேடி அலையும் முதியவராக வருபவரும் அவரே. இந்தத் துள்ளலைப் பார்த்துவிட்டு அந்த முதியவரைப் பார்த்தால் மனசு என்னவோ செய்யும்.

மாளிகைக்கு எதிர்ப்பக்கம் நுக்கியின் அறை. அங்கே ஃப்ரேமே நெருக்கமாகிறது. இளவரசனும் ஆளும் தங்கள் துணியைத் தாங்களே துவைத்து அறைக்குள்ளேயே காயப் போடுகிறார்கள். தரகர் வந்து கதவைத் தட்டியதும் அவசர அவசரமாக நாற்காலியை உயரத்தில் ஏற்றிவைத்து அதைச் சிம்மாசனம் ஆக்கி, இளவரசன் தரிசனம் கொடுக்கிறான். மாளிகையில் ஐம்பது பேர் சேர்ந்து உண்டாக்கும் கம்பீரத்தை இங்கே ஒரு நாற்காலி உண்டாக்கப் பார்க்கிறது. அந்த நாற்காலிக்கும் அந்த ஐம்பது பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதைத்தான் லூபிட்ச் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம் நுக்கியும் நண்பர்களும் குடித்துவிட்டு மரங்கள் நிற்கும் பாதையில் வரிசையாகக் கைகோத்துத் தள்ளாடி வரும் காட்சி. வாலுள்ள கோட்டு போட்ட வரிசைதான், ஆனால் நேராக நடக்க முடியாத வரிசை. ஒவ்வொருவராக ஒவ்வொரு பெஞ்சில் கழன்று விழுகிறார்கள். படத்தில் வரும் வரிசைகளில் தானாகச் சிதறும் வரிசை இது ஒன்றுதான். மறுநாள் காலை, குடியை ஒழிக்கக் கோடீஸ்வரர் வீட்டுப் பெண்கள் நடத்தும் சங்கத்துக்கு நுக்கி வந்து சேர்கிறான். அவனுக்காக அந்தப் பெண்கள் குத்துச்சண்டை போடுகிறார்கள், ஓஸ்ஸி ஜெயிக்கிறாள். அங்கும் ஒழுங்காக வந்து நின்ற பெண்கள் கூட்டம்தான் சண்டையில் கலைகிறது.

எனக்கு உறுத்தும் விஷயத்தையும் சொல்ல வேண்டும். தொடக்கக் காட்சியில் குவேக்கரின் சுருட்டைப் பிடித்து நிற்பவர்கள் கறுப்பின வேலையாட்கள். மனிதர்களைச் சாமான் போல வைத்திருக்கும் பணக்காரனை இடித்துக் காட்டுவது படத்தின் நோக்கம் என்பது உண்மை. ஆனால் அதைச் சொல்ல அந்த மனிதர்களைப் படமும் சாமான் போலவேதான் வைக்கிறது. வெள்ளை வேலையாட்களையும் அப்படித்தான் வைத்திருக்கிறது என்று சொன்னாலும், அன்றைய ஐரோப்பியக் கண்ணுக்கு அவர்கள் ஒரு அலங்காரமாக இருந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. படத்தை நேசிப்பதற்காக இதைப் பார்க்காமல் விட என்னால் முடியவில்லை.

இந்த நடை அடுத்து எங்கே போனது என்று தெரிந்துகொள்ள இரண்டு படங்களைப் பாருங்கள். அதே 1919 டிசம்பரில் வந்த 'டி புப்பே', அதாவது 'பொம்மை'. படத்தின் முதலில் லூபிட்சே ஒரு பெட்டியைத் திறந்து பொம்மை வீடு, மரம், ஆட்கள் எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் அடுக்குகிறார். அடுத்த ஷாட்டில் அதுவே நிஜ செட் ஆகி ஆட்கள் வெளியே வருகிறார்கள். குதிரை வேஷத்துக்குள் மனிதர்கள் நடக்கிறார்கள். காலிகாரிக்கு முன்பே வந்த வரைந்து வைத்த உலகம் அது, பயத்துக்காக இல்லாமல் விளையாட்டுக்காக. இரண்டாவது, 1921-இல் போலா நெக்ரி நடித்த 'டி பெர்க்காட்சே', 'மலைப்பூனை'. அதில் ஃப்ரேமின் வடிவத்தையே மாற்றிக்கொண்டே இருப்பார். கறுப்பு மறைப்புகளை வைத்துத் திரையையே வெவ்வேறு உருவங்களில் வெட்டுவார். வடிவத்தின் மேல் இருந்த ஆசை எல்லை கடந்து போன படம் அது. எனக்குப் பிடிக்கும், ஆனால் சிப்பி இளவரசியின் தெளிவு அதில் இல்லை.

1922 கடைசியில் அமெரிக்கா போன பிறகு அந்தக் கூட்டங்கள் எல்லாம் கரைந்துவிடுகின்றன. பிற்கால லூபிட்சில் நினைவில் நிற்பவை மூடிய கதவு, மாடிப்படி, ஒரு பார்வை, சொல்லாமல் விட்ட ஒரு விஷயம். அதனால் பலர் பெர்லின் லூபிட்ச் வேறு, ஹாலிவுட் லூபிட்ச் வேறு என்று பிரித்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிப்பி இளவரசியின் முடிவையே பாருங்கள். படம் முழுக்க குவேக்கர் எதைக் காட்டினாலும், "இதெல்லாம் என்னை அசத்தாது" என்றே சொல்லிக்கொண்டிருப்பார். கல்யாணம், விருந்து, இளவரசன் எதற்கும் அதே பதில். கடைசியில் யோசெஃப் கல்யாணம் செய்துகொண்டது நுக்கியின் பெயரில் என்பதால், ஓஸ்ஸியும் நுக்கியும் ஏற்கெனவே கணவன் மனைவிதான் என்று தெரியவருகிறது. இருவரும் அறைக்குள் போகிறார்கள். சாவித்துவாரத்தில் கண் வைத்துப் பார்த்த குவேக்கர் அப்போதுதான் அசந்து போனதாக ஒத்துக்கொள்கிறார். நூற்றுக்கணக்கான ஆட்களை நிறுத்தி எடுத்த படம், ஒரு கதவு, ஒரு துவாரம், ஒரு அப்பா என்று முடிகிறது. ஹாலிவுட்டில் அவர் மூடிய கதவுகள் அத்தனையும் இந்தக் கதவிலிருந்து வந்தவைதான்.

திரும்பப் பார்க்கும்போது பின்னணி இசையை ஒருமுறை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இப்போது கிடைக்கும் பிரதிகளின் இசை பிற்காலத்தில் சேர்த்தது, அது நம் சிரிப்பை எங்கே சிரிப்பது என்று கைப்பிடித்துக் கூட்டிப் போகிறது. சத்தம் இல்லாமல் பார்த்தால் தாளம் எங்கே இருக்கிறது என்று தானாகத் தெரியும். யோசெஃப் தரையில் இறங்கும் இடத்தில் அவன் முகத்தை விட்டுவிட்டுக் காலை மட்டும் பாருங்கள். கோடு திரும்பும் மூலையில் அந்தக் கால் ஒரு கணம் யோசிக்கும்.